சோளகக் காலத்துக் கரை: ஒரே ஓவியத்தை இரண்டு தடவை வரைய நேர்ந்த ஒரு நிகழ்வு

யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமைகளில் கூடும் ஒரு சிறிய ஓவியக் குழுவைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்தக் குழுவில் ஒருவர் வரைந்த ஒரு படத்தின் கதை இது. ஏப்ரலில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடிந்தது. கடற்கரையில் விளையாடும் பிள்ளைகளை வரைவது எளிது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டிருக்கிறேன். இடையில் நேர்ந்த பெரிய தவறு என் யோசனையால் வந்தது. அதையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஓவியர் முப்பதுகளின் நடுவில் உள்ள பெண். பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறார். தோட்டக் காணிகள் நிறைந்த, கடலிலிருந்து ஐந்தாறு மைல் உள்ளே இருக்கும் ஊர் அவருடையது. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் கிட்டத்தான். ஆனால் அவர் பிள்ளையாக இருந்த காலம் போர்க்காலம். கடற்கரைக்கு விளையாடப் போவது என்ற பழக்கமே அவர் வீட்டில் இருக்கவில்லை. கடல் என்றால் அவருக்குக் கீரிமலையில் பிதிர்க்கடன் கழிக்கப் போன நாட்கள்தான். இதை அவர் எனக்குச் சொன்னது வேலை தொடங்கி இரண்டு மாதம் கழித்து. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது நான்.

படத்தைக் கேட்டவர் அறுபதை நெருங்கும் ஒருவர். வலிகாமம் வடக்கின் கரையோரத்தில் பிறந்து, 1990 யூனில் ஊரோடு இடம்பெயர்ந்து, பிறகு கனடாவுக்குப் போனவர். அந்தக் கரையோரம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக எவ்வளவு காலம் மூடிக் கிடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பியதே 2017 யூலையில்தான். ரொரன்ரோவில் தன் வீட்டு மண்டபத்தில் மாட்ட ஐந்தடி அகலம், மூன்றரை அடி உயரத்தில் ஒரு படம் வேண்டும் என்றார். வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்தி இவ்வளவுதான்: “ஓகஸ்ட் லீவில நாங்கள் விடிஞ்சா பொழுதுபட்டாக் கடலுக்கதான். அது மாதிரி ஒரு படம் கீறித் தாங்கோ தங்கச்சி.” சிறுவயதுப் புகைப்படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. எல்லாம் வீட்டோடு போய்விட்டன.

ஓவியர் ஒப்புக்கொண்டார். பாதிப் பணம் முன்னதாக வந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு நல்ல கன்வஸும் வர்ணமும் வாங்குவது இங்கே பெரிய செலவு. இவ்வளவு பெரிய படம் வரைய அவருக்கு அதுவரை வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை.

முதற் படம்

ஏப்ரல் விடுமுறையில் ஒருநாள், காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை ஒரு கடற்கரையில் நின்று போனில் இருநூறுக்கு மேல் படம் எடுத்து வந்தார். அவற்றிலிருந்து ஏழு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். துணைக்கு இணையத்தில் ஸ்பானிய ஓவியர் ஹோவாக்கின் சொரோயாவின் படங்களைப் பார்த்துக்கொண்டார். கடற்கரைப் பிள்ளைகள் என்று தேடினால் முதலில் வருபவர் அவர்தான். 1863இல் வலென்சியாவில் பிறந்தவர், பெரிய கன்வஸ்களைக் கரைக்கே கொண்டுபோய் வெயிலில் நின்று வரைந்தவர். ஈர மணலில் மூன்று சிறுவர்கள் கிடக்கும் அவருடைய 1910ஆம் ஆண்டுப் படம் இப்போது மட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யூன் நடுவில் முதற் படம் முடிந்தது. வீட்டு விறாந்தையில் நிறுத்திவைத்துக் குழுவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கோடுகள் சுத்தம், வர்ணம் பளிச்சென்று இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று சொல்ல அரைமணி நேரம் ஆனது.

படத்தில் இரண்டு சூரியன்கள் இருந்தன. பிள்ளைகளின் உச்சந்தலையிலும் தோள்களிலும் வெளிச்சம், கண்குழியிலும் நாடியின் கீழும் இருட்டு. அது தலைக்கு நேர் மேலே நிற்கும் வெயில். ஆனால் மணலில் நீளமான ஊதா நிழல்கள் சாய்ந்து கிடந்தன. காரணம் கேட்டேன். போன் படங்களில் நிழலே இருக்கவில்லை, பிள்ளைகள் மிதப்பதுபோலத் தெரிந்தார்கள், அதனால் சொரோயாவைப் பார்த்து நிழல் போட்டேன் என்றார்.

அவர் போனில் கண்டது பிழையில்லை. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகலில் சூரியன் எங்கள் உச்சிக்கு மேலே வந்து நிற்கும். அந்த நேரம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அவர் படம் எடுக்கப் போனது சரியாக அந்த நாட்களில். வலென்சியா 39 பாகைக்கும் வடக்கே. அங்கே எந்த நாளிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நண்பகலிலும் நிழல் ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கும். ஆக, எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு வலென்சியாவின் நிழலைப் போட்டால் கால் நிலத்தில் பாவாது.

இன்னொன்றும் கண்டேன். ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனைக் கண்டதும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு நின்று சிரித்திருக்கிறார்கள். படத்தின் பொருள் விளையாட்டு. அதில் விளையாட்டு இல்லை.

சின்னத் திருத்தங்களோடு இதை முடித்துக் கொடுத்துவிடலாமா என்று ஓவியர் கேட்டார். வாங்குபவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று குழுவில் சிலரும் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே முடிவெடுத்தார். திருத்துவதில்லை, ஒரு மாதம் கரையில் இருந்து பார்த்துவிட்டுப் புதுக் கன்வஸில் தொடங்குவது. “நான் கடலைப் பார்த்ததே இல்லை, அதுதான் பிரச்சினை” என்றார். தன் சிறுவயதைப் பற்றி அன்றுதான் சொன்னார்.

கரையில் மூன்று வாரம்

வடமராட்சியின் வடகரையில் ஒரு மீனவக் கிராமத்தைத் தேர்ந்தோம். குழுவில் ஒருவரின் உறவினர் வீடு அங்கே இருந்தது. யூலையில் வார இறுதிகளிலும், ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய பிறகு நாள்தோறும், காலை ஆறு மணிக்கு ஓவியர் அங்கே நிற்பார். போன் பைக்குள் இருக்கும். கையில் ஒரு சீ.ஆர். கொப்பியும் குமிழ்முனைப் பேனாவும் மட்டும். அழிக்க முடியாத பேனாவை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார், திருத்திக்கொண்டு இருந்தால் பிள்ளை ஓடிவிடும் என்பதால்.

முதல் மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று “என்னைக் கீறுங்கோ ரீச்சர்” என்றார்கள். நாலாம் நாள் அவர்களுக்குச் சலித்துவிட்டது. தங்கள் பாட்டுக்கு விளையாடத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து கொப்பி நிறையத் தொடங்கியது. மூன்று வாரத்தில் இரண்டு கொப்பிகள். பெரும்பாலானவை அரை நிமிடக் கோடுகள். முழங்காலளவு தண்ணீரில் ஓடும் பிள்ளை காலை முன்னுக்கு வீசுவதில்லை, கொக்குபோல மேலே தூக்கித் தூக்கி வைக்கிறது. குளிர்ந்துபோய்க் கரையேறும் பிள்ளை கைகளைக் குறுக்கே கட்டித் தோளைக் காதுவரை உயர்த்துகிறது. மண்ணில் கிடங்கு தோண்டும் பிள்ளையின் முகம் தெரியாது, முதுகெலும்பின் மணிகள்தான் தெரியும். இருநூறு போன் படங்களில் இவற்றில் ஒன்றும் இல்லை.

விளையாட்டுகளையும் எழுதிவைத்தார். ஒதுங்கிய ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) துண்டு ஒன்றில் இரண்டு பேர் குப்புறக் கிடந்து கையால் தள்ளிப் போவார்கள். நுங்குக் கோம்பையில் செய்த வண்டியை ஈர மணலில் உருட்டி, எவருடைய தடம் நேராக இருக்கிறது என்று பார்ப்பார்கள். கிழிந்த வலைத் துண்டைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களின் கரைவலைப் பாட்டைப் பாதி சொல்லும் பாதி ராகமுமாக இழுப்பார்கள். முருகைக்கல் துண்டுகளை வரிசையாக அடுக்கி வள்ளங்கள் என்பார்கள். அவற்றில் எது எவருடைய அப்பாவின் வள்ளம் என்பதில் சண்டை வரும்.

ஒன்று எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. தண்ணீருக்குள் கிடந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பொடியன்கள். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் கரையில்தான் நின்றார்கள். சட்டை விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்காலளவில் நடப்பது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலை வரும்போது பின்வாங்குவது, சிப்பி பொறுக்குவது. ஏழு பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் முதற் படத்தில் இது வரவில்லை. கரையில் நிற்பவர்களும் விளையாடத்தான் செய்கிறார்கள். அலையைச் சீண்டிவிட்டுத் தப்புவது அவர்களுடைய விளையாட்டு. ஆனால் அது வேறு விளையாட்டு, அதை அப்படியே வரைய வேண்டும் என்று ஓவியர் அன்று சொன்னார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

கரை எங்களைத் திருத்திய இடங்கள் இரண்டு. ஒருநாள் முதற் படத்தின் பிரதியை ஓவியர் அங்கே கொண்டுவந்திருந்தார். வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஆச்சி வாங்கிப் பார்த்தார். “என்ன பிள்ளை, இது சோளகமெல்லோ. காத்துக் கடலுக்குப் போகேக்க இதுகளின்ர தலைமயிர் கரைக்குப் பறக்குது?” மே முதல் செப்டெம்பர்வரை இங்கே வீசுவது சோளகம், தென்மேற்கிலிருந்து வருவது. வடகரையில் அது நிலத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது. அதனால்தான் வாடைக்காலத்தில் இரையும் அந்தக் கடல் அப்போது கரையோரத்தில் குளம்போலக் கிடக்கிறது, பிள்ளைகளையும் நம்பி விடுகிறார்கள். கடற்காற்று என்றால் கடலிலிருந்து முகத்தில் அடிப்பது என்று ஓவியர் பிற தேசத்துப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அதைக் கவனிக்கவில்லை. ஆச்சிக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

மற்றது, அதே பிரதியைப் பார்த்து ஒரு பொடியன் சொன்னது: “இது நாங்கள் இல்லை ரீச்சர், இது வெள்ளைப் பிள்ளையள்.” ஓவியர் ‘தோல் நிறம்’ என்று பெயர் போட்ட வர்ணத்தைத் தளமாக வைத்துக் கலந்திருந்தார். அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது இளஞ்சிவப்பு. போனும் தன் பங்குக்கு முகங்களை வெளுப்பாக்கியிருந்தது. சோளகத்து வெயிலில் நாள் முழுக்கக் கிடக்கும் பிள்ளைகளின் நிறம் அதற்குக் கிட்டவும் வராது. பாடசாலையில் பிள்ளைகள் மனிதரை வரைந்துவிட்டு அந்தப் பெட்டி நிறத்தைத் தேடும்போது நாங்கள் எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று அன்று இருவரும் பேசிக்கொண்டோம். இப்போது எங்கள் குழுவில் அந்த நிறம் இல்லை.

ஒரு தாயின் கேள்வி

ஓகஸ்ட் முதல் வாரத்தில், தம்பியை இடுப்பில் வைத்து நிற்கும் பத்து வயதுப் பிள்ளை ஒன்றை ஓவியர் நீர்வர்ணத்தில் வரைந்தார். அதுவரை வந்தவற்றில் அதுவே ஆகச் சிறந்தது. முகநூலில் போடுங்கள், வேலை நடக்கிறது என்று நாலு பேர் அறியட்டும் என்று நான் சொன்னேன். அவர் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். போட்டார். இரண்டு நாளில் நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பிள்ளையின் தாய் கரைக்கு வந்தார். பிரான்ஸில் இருக்கும் அவருடைய சகோதரி படத்தைப் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார். தாய் சத்தம் போடவில்லை. “நல்லாத்தான் கீறியிருக்கிறீங்கள் ரீச்சர். பிள்ளை வீட்டில போடுற கிழிஞ்ச சட்டையோட நிக்கிறாள். உலகம் முழுக்கப் பாத்திட்டுது. கேட்டிருந்தால் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்” என்றார்.

ஓவியர் அங்கேயே படத்தை நீக்கினார். பகிர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி எடுக்கச் சொன்னோம். பெரும்பாலானோர் எடுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை. அந்தச் சில பிரதிகள் இன்னும் எங்கோ கிடக்கும். அதற்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். மூலப் படத்தைக் கொடுத்து, படத்தைப் போடச் சொன்னது நான், தவறு என்னுடையது என்று சொன்னேன். தேத்தண்ணி தந்தார். சட்டைக் கிழிசலைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. எங்களுக்கு அந்தக் கிழிசல் கோட்டுக்கு அழகு சேர்த்த ஒன்று. அவருக்கு அது, கடையில் புதுச் சட்டை வாங்கிக் கொடுக்க முடியாத மாதம். பிள்ளைகளை வரைபவர்கள் அநேகமாக ஏழைப் பிள்ளைகளைத்தான் வரைகிறோம், கேட்காமல் வரைய முடிவது அவர்களைத்தான். நகரத்தில் ஒரு தனியார் நீச்சல் தடாகத்தின் ஓரம் கொப்பியோடு போய் நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் எங்களை விசாரித்திருப்பார்கள்.

அன்று எடுத்த முடிவுகளிலிருந்து பிறகு நாங்கள் மாறவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஓவியர் கொப்பியைத் திறக்காமல், கரைக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளையின் கோடுகளை அங்கேயே கிழித்துக் கொடுத்தார். பெரிய படத்தில் எந்தப் பிள்ளையின் முகச்சாயலும் வராது என்றும், உடல் அசைவு ஒருவரிடமிருந்தும் சட்டை இன்னொருவரிடமிருந்தும் எடுக்கப்படும் என்றும் சொன்னார். படம் முடிந்து பெற்றோர் பார்க்கும்வரை இணையத்தில் எதுவும் போடுவதில்லை. பணம் கொடுப்பதா என்பதையும் பேசினோம். பணம் கொடுத்தால் பிள்ளைகள் வேலைக்கு வந்து நிற்பார்கள், விளையாட மாட்டார்கள் என்று ஓவியர் நினைத்தார். பதிலாக இரண்டு காலைகள் கரையிலேயே தாளும் பஸ்டலும் கொடுத்து அவர்களை வரையவிட்டார்.

அந்தத் தாயிடம் தனியாகக் கேட்டோம். “தம்பியைத் தூக்கிக்கொண்டு நிக்கட்டும், ஆனா கடலைப் பாத்து நிக்கட்டும்” என்றார். பெரிய படத்தின் நடுவில் இருப்பது அந்த நிலைதான். அதை அமைத்தவர் அவர்.

வாங்குபவரின் கடல்

கோடுகள் சிலவற்றை, முகம் தெரியாதவற்றை மட்டும், ரொரன்ரோவுக்கு அனுப்பினோம். அவருக்குப் பிடித்தது. ஒன்றைத் தவிர. “ரெஜிபோம் எங்கட காலத்தில இல்லைத் தங்கச்சி. நாங்கள் பலகைத் துண்டில மிதந்தனாங்கள்.”

இதில் எனக்கும் ஓவியருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. பார்த்ததை வரைய வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பார்த்ததை எடுப்பதா என்றேன். அவர் வேறு விதமாகச் சொன்னார். அந்த மனிதர் கேட்டது இந்தக் கிராமத்தின் பதிவை அல்ல, தன் கரையை. அந்தக் கரை முப்பது வருடமாக அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. எனக்கு ஐவன் பீரிஸ் நினைவுக்கு வந்தார். இலங்கையின் நவீன ஓவியர்கள் சேர்ந்த 43 குழுவின் அந்த ஓவியர் இங்கிலாந்தில் சவுத்எண்ட் கடலோர நகரில் வாழ்ந்துகொண்டு, 1988இல் இறக்கும்வரை இலங்கைக் கரையையே வரைந்துகொண்டிருந்தார். நினைவிலிருந்து வரும் கரையும் கரைதான். ரெஜிபோம் பலகையாக மாறியது. இன்றும் எனக்கு அது இருந்திருக்கலாம் என்றே படுகிறது, ஆனால் படம் என்னுடையது இல்லை.

இரண்டாம் படம்

ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் நடுவில் முடிந்தது. நேரம் காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டார். அந்தக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் வடக்கு நேரே, கிழக்கு வலது கை. ஓகஸ்டில் சூரியன் நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே உதிப்பதால் காலை வெளிச்சம் வலப்புறமிருந்து, கொஞ்சம் கடல் பக்கமாகவே வரும். ஈர உடம்புகளின் வலது விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு விழுகிறது, நிழல் இடப்பக்கமாகவும் எங்களை நோக்கியும் சாய்கிறது. இப்போது நிழல் நீளமாகத்தான் இருந்தது. அது எங்கள் காலை வெயிலின் நிழல். சட்டையும் தலைமயிரும் கடலை நோக்கிப் பறந்தன.

நிறத்துக்கு எரித்த சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் அடிப்படை. ஈரமான கறுத்த தோல் வானத்தைப் பிடித்துக் காட்டும். தோளின் மேற்பரப்பில் விழும் ஒளி வெள்ளையாக இல்லை, நீலச் சாம்பல். கையின் கீழ்ப்புறத்திலும் நாடியின் அடியிலும் மணலிலிருந்து தெறிக்கும் இளமஞ்சள் சூடு. இதை வெள்ளை வர்ணம் கலந்து வெளுக்கவைத்தால் உடம்பு மாப் பூசியதுபோல ஆகிவிடும். முதற் படத்தில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஈர மணல் காய்ந்த மணலைவிட நன்றாக இருண்டது, ஆனால் கண்ணாடிபோல வானத்தையும் பிள்ளைகளின் கால்களையும் தலைகீழாகக் காட்டும். அந்த இருளையும் மினுக்கத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவர அவர் நாலைந்து தடவை முயன்றார். எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்தது அந்த ஒரு முழ அகலப் பட்டைதான்.

அடிவானம் எங்கே என்பதில் உதவியது பிள்ளைகள் பஸ்டலில் வரைந்த படங்கள். அவர்களில் பலர் கடலைத் தாளின் உச்சியில் ஒரு நாடாபோல வைத்துவிட்டு மீதி முழுவதையும் மணலுக்கும் விளையாட்டுக்கும் கொடுத்திருந்தார்கள். முதற் படத்தில் பாதி வானம். இரண்டாவதில் அடிவானத்தை மேல் விளிம்புக்குக் கிட்ட ஏற்றினார். பிறகு சொரோயாவின் 1910ஆம் ஆண்டுப் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்தோம், அதில் அடிவானமே இல்லை. அவரிடமிருந்து எடுத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு நிழலை எடுத்திருந்தோம்.

வர்ணம் அக்ரிலிக். சோளகத்து வெக்கையில் தட்டில் பிழிந்த வர்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். ஈரப் பஞ்சின்மேல் தாள் விரித்து அதன்மேல் கலந்தார், அடிக்கடி தண்ணீர் தெளித்தார். காலை ஒன்பதரைக்குப் பிறகு தூரிகையைத் தொடுவதில்லை. நுரைக்கு மட்டும் ரைற்றேனியம் வெள்ளையைக் கத்தியால் தடிப்பாக வைத்தார். பார்க்க மிக அழகாக இருந்தது. பின்னால் பிரச்சினை வந்தது அதிலிருந்துதான்.

படம் முடிந்ததும் கிராமத்துக்குக் கொண்டுபோய் வாசிகசாலை முற்றத்தில் ஒரு மாலை வைத்தோம். ஆச்சி முதலில் பார்த்தது தலைமயிரைத்தான்.

கனடாவில்

நவம்பரில் கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான பீவீசீ குழாய் ஒன்றில் சுற்றினோம். உள்ளே வைத்துச் சுற்றினால் வர்ணம் நெரிபடும் என்பது தெரிந்திருந்தது. டிசெம்பர் கடைசியில் அவருடைய உறவினர் ஒருவர் விமானத்தில் எடுத்துப் போனார்.

தெரியாமல் போனது குளிர். அக்ரிலிக் படலம் எங்கள் வெக்கையில் றப்பர்போல வளையும், கடுங்குளிரில் இறுகி முறியக்கூடியதாகிவிடும். ஜனவரி இரவில் அந்தக் குழாய் ஒரு வாகனத்தின் பின்பெட்டியில் விடியும்வரை கிடந்தது. காலையில் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் ஆவலில் உடனே விரித்துவிட்டார்கள். தடிப்பாக வைத்த நுரையில் நாலு மெல்லிய வெடிப்புகள், ஆக நீளமானது ஒரு விரலளவு. மெல்லிய பூச்சு இருந்த இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. படம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வெடிப்புகள் கூடவில்லை. திருத்தித் தருகிறோம், அல்லது ஒரு பகுதிப் பணத்தைத் திருப்புகிறோம் என்று ஓவியர் எழுதினார். வாங்கியவர் இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டு மீதிப் பணத்தை அனுப்பினார்.

அந்த வாரமே ஓவியரை அழைத்து, நடுவில் நிற்கிற பிள்ளை யார் என்று கேட்டார். ஒரு பிள்ளையில்லை, பல பேரிடமிருந்து எடுத்தது என்று இவர் சொன்னார். தன் அக்கா தன்னை அப்படித்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பா என்றும், தான் அவவின் தோளில் கடிப்பேன் என்றும் அவர் சொன்னார். அக்கா இப்போது இல்லை.

அடுத்த தடவைக்கு

இந்த ஓகஸ்டிலும் ஓவியர் அதே கரைக்குப் போகிறார், இம்முறை குழுவில் இன்னும் மூன்று பேரோடு. பெற்றோரிடம் கேட்பது முதல் நாள் வேலை. யார் சம்மதித்தார்கள், எதற்குச் சம்மதித்தார்கள், இணையத்தில் போடலாமா என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் வைத்துக்கொள்கிறோம். தாய்மாரிடம் பேசுவதற்கு ஓகஸ்ட் வரை காத்திராமல் மே மாதமே ஒருமுறை போய் வந்தாயிற்று.

யாராவது படம் வரையக் கேட்டால், வரைபவருக்கு அந்தப் பொருளோடு என்ன உறவு என்பதை நான் முதலில் கேட்கிறேன். போன் படத்தை நினைவுக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறோம், எடுத்த நாளும் நேரமும் திசையும் பக்கத்தில் எழுதி. நாளும் நேரமும் தெரிந்தால் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பது தெரிந்துவிடும். வெளிநாட்டுக்குப் போகும் அக்ரிலிக் படத்தில் தடிப்பான பூச்சு வைப்பதில்லை. குளிர்காலத்தில் அனுப்பினால் குழாயின்மேல் பெரிய எழுத்தில் ஒட்டுகிறோம்: வீட்டுக்குள் ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும், பிறகு மெதுவாக விரிக்கவும்.

முதற் படம் விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநாள் நின்றது. சென்ற மாதம் அதன்மேல் வெள்ளைத் தளம் பூசிவிட்டார். நீள ஊதா நிழல் ஒன்று மட்டும் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு பூச்சுத் தேவைப்படும்.